ஆல்பனி எம்பயர் (2021–2023): ஓர் அணி எதனால் ஆனது?

2023 ஜூன் 15 அன்று, அமெரிக்காவின் நேஷனல் அரீனா லீக் என்னும் சிறிய விளையாட்டு லீக் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆல்பனி எம்பயர் அணியின் உறுப்பினர் ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது. லீகுக்குச் செலுத்தவேண்டிய கட்டணத் தவணைகள் வந்துசேரவில்லை. லீகின் நலனுக்கு எதிரான பேச்சுக்காக உரிமையாளருக்கு 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தது. அறிக்கையின் சாரம் இவ்வளவே. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அதே லீகின் கோப்பையை வென்றிருந்த அணி, மூன்றாம் பருவத்தின் நடுவே, ஏழு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் இல்லாமற்போயிற்று.

அமெரிக்க ஊடகங்கள் இதை ஒரே மனிதரின் கதையாக எழுதின. அந்த மனிதர் அன்டோனியோ பிரவுன். 2010இல் ஆறாம் சுற்றில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் தம் தலைமுறையின் மிகச் சிறந்த பந்து பெறுநர்களுள் ஒருவராக வளர்ந்தவர். 2021 பிப்ரவரியில் டாம்பா பே அணியுடன் சூப்பர் பவுல் வென்றவர். 2022 ஜனவரி 2 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் களத்தைவிட்டு வெளியேறியவர். 2023 மார்ச்சில் இவர் எம்பயர் அணியில் பங்கு வாங்கினார். சில வாரங்களில் பெரும்பான்மைப் பங்கும் இவர் கைக்கு வந்தது. அடுத்து நடந்தவற்றை நாளேடுகள் நாள்தோறும் சொல்லின. பயிற்சியாளர்கள் விலகினர், அல்லது விலக்கப்பட்டனர். ஊதியம் குறித்த புகார்கள் வெளிவந்தன. தாமே களமிறங்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தார், இறங்கவில்லை. பிறகு ஜூன் 15.

பொறுப்பற்ற உரிமையாளர் ஒருவர் நல்ல அணியொன்றைக் கெடுத்தார் என்ற விளக்கம் பொய்யன்று. பணம் கட்டவேண்டியவர் அவர், கட்டப்படவில்லை. ஆயினும் வரலாற்று மாணவர்க்கு இவ்விளக்கம் போதாது என்பதே என் கருத்து. விளையாட்டு வரலாறு பற்றிய கருத்தரங்க வகுப்பில் ஆல்பனி நகரின் உள்ளரங்க அணிகளை ஓர் அட்டவணையாக்கிப் பார்த்தோம். 1990 முதல் இன்றுவரை ஐந்து வரிசைகள் வந்தன. அவற்றுள் எம்பயருக்கு முந்தைய மூன்று அணிகளும் முடிந்துபோயிருந்தன. அந்த மூன்றிலும் பிரவுனைப் போன்ற ஒருவர் இல்லை. மூன்று அணிகள் நான்காமது அணியைப் போலவே மறையும்போது, நான்காமதன் மறைவுக்கு ஒரு தனிமனிதரின் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்லலாமா?

இதற்கு விடை காண, முதலில் ஆட்டத்தையே பார்க்கவேண்டும். இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் வழக்கமான களம் 100 கெஜ நீளமும் 160 அடி அகலமும் உடையது, பக்கத்துக்குப் பதினொருவர். உள்ளரங்க வடிவத்தில் களம் 50 கெஜம், பக்கத்துக்கு எண்மர், ஓரக்கோட்டுக்குப் பதிலாக மெத்தை பொதிந்த சுவர். இருமுனைகளிலும் உள்ள 8 கெஜ எல்லைப்பகுதிகளையும் சேர்த்தால் நீளம் 66 கெஜம், அதாவது 198 அடி. அகலம் 85 அடி. வட அமெரிக்காவில் பனி ஹாக்கி ஆடும் களத்தின் அளவு 200 அடிக்கு 85 அடி. இந்த ஒப்புமை தற்செயலன்று. இங்கே ஆட்டத்துக்காக அரங்கம் கட்டப்படவில்லை. ஏற்கெனவே கட்டப்பட்டு, கோடையில் பூட்டிக்கிடந்த ஹாக்கி அரங்கத்தின் அளவுக்கு ஆட்டம் வெட்டித் தைக்கப்பட்டது.

தைத்தவர் ஜிம் ஃபாஸ்டர். 1981 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கச் சாக்கர் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த ஓர் உறையின்மேல் இக்களத்தின் வரைபடத்தைக் கிறுக்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. (தோற்றக் கதைகளில் உறைகளும் கைத்துண்டுகளும் இத்தனை முறை வருவது ஏன் என்று ஒருவர் தனியே ஆராயலாம்.) 1986இல் இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் சோதனை ஆட்டம்; 1987இல் நான்கு அணிகளுடன் அரீனா ஃபுட்பால் லீகின் முதற்பருவம். கம்பங்களின் இருபுறமும் உயர்ந்த வலைகள் தொங்கும். தவறிய பந்து அதில் பட்டுத் திரும்பிவர, ஆட்டம் தொடரும். இந்த வலை முறைக்கு ஃபாஸ்டர் காப்புரிமை பெற்றார். 1990 மார்ச்சில் அது வழங்கப்பட்டது, 2007இல் காலாவதியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் போட்டியாகத் தோன்றிய சிறு லீகுகள் வலையின்றியே ஆடின. ஒரு விளையாட்டின் விதி ஒருவரின் சொத்தாக இருந்தது என்பதை அறிவுச்சொத்துச் சட்டம் பயிலும் நண்பர்கள் கவனிக்கவேண்டும். கிரிக்கெட்டின் கூக்ளிக்கு யாரும் காப்புரிமை கோரியதில்லை.

இனி ஆல்பனி. நியூயார்க் மாநிலத்தின் தலைநகர். ஹட்சன் ஆற்றங்கரையில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் நகர். 1990இல் இங்கே ஏறத்தாழ 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கமொன்று திறக்கப்பட்டது. உரிமையாளர் ஆல்பனி கவுண்டி, அதாவது உள்ளூர் அரசாங்கம். பழைய டச்சுக் குடியேறிகளின் நினைவாக முதலில் அதன் பெயர் நிக்கர்பாக்கர் அரீனா. 1997இல் அது பெப்சி அரீனா ஆயிற்று. 2007இல் டைம்ஸ் யூனியன் சென்டர். 2022இல் எம்விபி அரீனா. ஒரு குளிர்பான நிறுவனம், ஒரு நாளேடு, ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று பெயருக்குப் பணம் கொடுத்தவர்கள் மாறினார்கள். கட்டடம் மாறவில்லை.

இந்தக் கட்டடத்தின் நாட்குறிப்பையும் அணிகளின் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலனாகும். அரங்கம் திறந்த அதே 1990இல் ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் என்ற முதல் அணி பிறந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆடியது. 1999இல் சொந்த அரங்கத்திலேயே ஆர்லாண்டோ அணியை 59–48 என வென்று வாகையர் பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டுடன் ஆல்பனியில் அதன் வாழ்வு முடிந்தது. 2001இல் இண்டியானாபொலிசுக்குக் குடிபெயர்ந்தது. பட்டம் வென்ற அணியே ஊரைவிட்டுப் போகமுடியும் என்பதை நகரம் அப்போதே கற்றிருக்கவேண்டும். 2002இல் இரண்டாம் நிலை லீகில் ஆல்பனி கான்குவஸ்ட் வந்தது. 2009இல் பழைய பாசத்தைக் கிளற ஃபயர்பேர்ட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அவ்வாண்டோடு அந்த லீகே மறைந்தது, அணியும் உடன் சென்றது. குளிர்காலத்தில் அரங்கத்தை நிரப்பிவந்த ஹாக்கி அணியான ரிவர் ரேட்ஸ் 2010இல் நீங்க, டெவில்ஸ் அதன் இடத்துக்கு வந்தது. 2017இல் டெவில்சும் பிங்ஹாம்டனுக்குப் போயிற்று. 2018இல் ஆல்பனி எம்பயர் என்ற பெயரில் உள்ளரங்கக் கால்பந்து திரும்பியது.

ஹாக்கி போனதால்தான் கால்பந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன். தேதிகளின் அண்மை காரணகாரியம் ஆகிவிடாது. ஆனால் பொதுப்பணத்தில் எழுந்த ஓர் அரங்கத்தில் நாட்கள் காலியாகக் கிடந்தால், அவற்றை நிரப்ப யாரேனும் ஒருவர் தேடப்படுவார். அரங்கத்துக்குத் தேவை ஒரு குடித்தனக்காரர். ஊருக்குத் தேவை ஓர் அணி. இவ்விரு தேவைகளும் ஒன்றென்று தோன்றும் வரைதான் எல்லாம் இனிது நடக்கும்.

அந்த முதல் எம்பயர் ஆடியது அரீனா ஃபுட்பால் லீகில். 2018இல் அந்த லீகில் மொத்தம் நான்கே அணிகள். ஆல்பனி முதற்பருவத்தின் அரையிறுதியில், பருவம் முழுவதும் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்த வாஷிங்டன் அணியிடம் தோற்றது. 2019 ஆகஸ்ட் 11 அன்று சொந்த மண்ணில் ஃபிலடெல்ஃபியா அணியை 45–27 என வீழ்த்திப் பட்டம் வென்றது. மூன்று மாதங்கள் கழிந்தன. நவம்பரில் லீக் தன் செயற்பாடுகளை நிறுத்தித் திவால் மனு தாக்கல் செய்தது. ஆல்பனி தன் வாகையர் அணியை இழந்தது இது இரண்டாம் முறை. இம்முறை ஊர்மாற்றம்கூட இல்லை. ஆடுவதற்கு எதிரிகளே இல்லாமற்போயினர்.

பொருளியலாளர் வால்டர் நீல் 1964இல் எழுதிய கட்டுரையொன்று இங்கே உதவும். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிக்கு மேக்ஸ் ஷ்மெலிங் தேவைப்பட்டார் என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். சாதாரண வணிகத்தில் போட்டியாளர் ஒழிந்தால் இலாபம். விளையாட்டில் போட்டியாளர் ஒழிந்தால் விற்பதற்குப் பண்டமே இல்லை. ஆகவே ஓர் அணி தனித்த நிறுவனம் அன்று. லீக் என்ற கூட்டு உற்பத்தியின் ஓர் உறுப்பு. நம் ஊர்களில் சீட்டுக் கட்டுபவர்கள் நீலைப் படிக்காமலே இதை அறிவர். ஒருவர் தவணை தவறினால் அடுத்தவரின் முறையும் ஆட்டம் காணும்; எனவே தவறியவரை நீக்குவதில் மற்றவர்கள் காட்டும் வேகத்தில் கோபத்தைவிட அச்சமே மிகுதி.

2021இல் நேஷனல் அரீனா லீகில் ஆல்பனி எம்பயர் மறுபடி தோன்றியபோது, பழைய அணியிலிருந்து வந்தவை முதன்மையாகப் பெயரும் அடையாளமும் அரங்கமும்தாம். லீக் வேறு, உரிமையாளர் வேறு, ஒப்பந்தம் வேறு. பெருந்தொற்றால் அந்த லீகின் 2020 பருவம் முழுவதும் கைவிடப்பட்டிருந்தது. மக்கள் மீண்டும் ஓரரங்கில் கூடுவதே புதுமையாயிருந்த கோடையில் இந்த அணி ஆடத் தொடங்கிப் பட்டமும் வென்றது. 2022இல் உரிமை உள்ளூர்த் தொழிலதிபர் மைக் குவார்ட்டாவிடம் இருந்தது, அவ்வாண்டும் பட்டம். ரசிகர்களின் கணக்கில் இது 2019இலிருந்து தொடர்ந்துவரும் வெற்றி வரிசை. சட்டத்தின் கணக்கில் இரண்டு வயதுடைய சிறு நிறுவனம். ஓர் அணியின் வரலாற்றை எழுதுபவர் இவ்விரண்டில் எதை எழுதுகிறோம் என்பதைத் தெளிந்தே தொடங்கவேண்டும். பெரும்பாலோர் முதலாவதை எழுதிக்கொண்டே இரண்டாவதன் முடிவைக் கண்டு திடுக்கிடுகின்றனர்.

பிரவுன் வந்ததையும் இப்பின்னணியில்தான் காணவேண்டும். அவருடைய தந்தை எடி பிரவுன், 1990களில் ஆல்பனி ஃபயர்பேர்ட்சின் பெரும்புள்ளி. 1999 பட்டத்தின் நாயகர். 2006இல் அரீனா லீக் தன் வரலாற்றின் தலைசிறந்த வீரர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் அவருக்கே தரப்பட்டது. ஆகவே 2023இல் மகன் வந்ததை நகரம் வெறும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை; அந்தக் குடும்பப்பெயருக்கு அங்கே கால் நூற்றாண்டு மதிப்பிருந்தது. ஊடகங்கள் பின்னாளில் எழுதிய கேலிக் கட்டுரைகளில் தந்தையின் பெயர் ஒரு வரியில் வந்துபோகும். எனக்கோ அந்த வரியே முதன்மையானது. பெயர் மட்டுமே நிலைக்கும் ஓர் ஊரில், பெயரை நம்பிப் பங்கு கைமாறியதில் வியப்பென்ன?

மகன் பிரவுன் வாங்கியது சரியாக எதை? கட்டடம் கவுண்டியுடையது. ஆட்டமும் அட்டவணையும் லீகைச் சார்ந்தவை. வீரர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுபவர்கள். அவர் கைக்கு வந்தது, தவணை கட்டும் வரை லீகில் ஆடலாம் என்னும் அனுமதியும், சில கடமைகளும், ஒரு பெயரும். தேசியக் கால்பந்து லீகில் கோடிக்கணக்கில் ஊதியம் பெற்ற ஒருவர்க்கு அந்தத் தவணை பெரிய தொகையாக இருந்திருக்க முடியாது. ஆனால் அணியின் இருப்பு முழுவதும் அந்தச் சிறு தொகையில்தான் தொங்கியது. பெரிய லீகுகளில் உரிமையாளர் தவறினால் தாங்குவதற்குத் தொலைக்காட்சி வருவாயும் வாங்கக் காத்திருப்போரும் உண்டு. சிறு லீகில் உரிமையாளருக்கும் அணியின் சாவுக்கும் இடையே ஒரு மாதக் கட்டணமே நிற்கிறது.

இந்திய வாசகர்க்கு ஓர் ஒப்பீடு. 2010இல் ஐபிஎல் ஏலத்தில் எடுக்கப்பட்ட கொச்சி டஸ்கர்ஸ் கேரளா 2011இல் ஒரே பருவம் ஆடியது. அவ்வாண்டு செப்டம்பரில், வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை முறித்தது. எம்பயரின் முடிவும் இதுவும் ஒரே இலக்கணம்: களத்தில் தோற்று மடியவில்லை, பத்திரத்தில் தவறி மடிந்தன. வேறுபாடு பின்னர் நடந்ததில் உள்ளது. கொச்சி உரிமையாளர்கள் நடுவர் மன்றம் சென்றனர். 2015இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. ஏறத்தாழ 538 கோடி ரூபாய் அளவிலான அத்தீர்ப்பை 2025 ஜூனில் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த ஒரு பருவ அணியைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பும் மாணவருக்கு ஒப்பந்த வாசகங்கள், கடிதப் போக்குவரத்து, இருதரப்பு வாதங்கள் எனப் பெருங்குவியல் கிடைக்கும். பணம் பெரிதாயிருந்ததால் வழக்கு நடந்தது. வழக்கு நடந்ததால் ஆவணம் மிஞ்சியது. ஆல்பனியின் மூன்றாண்டு அணியைப் பற்றியோ பெரும்பாலும் செய்திக் குறிப்புகளையும் சமூக ஊடகப் பதிவுகளையும் வைத்தே பேசவேண்டியுள்ளது.

செய்திக் குறிப்புகள் என்றேன். அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆல்பனியின் முதன்மை நாளேடு டைம்ஸ் யூனியன். 2007 முதல் 2021 வரை அரங்கத்தின் பெயரே அந்த நாளேட்டின் பெயர். 2018–19 எம்பயரின் உரிமையாளர் குழுவில் அந்நாளேட்டின் வெளியீட்டாளர் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் இடம்பெற்றிருந்தார். இதனால் செய்தியாளர்கள் வளைந்தனர் என்று சொல்ல எந்தச் சான்றும் என்னிடமில்லை, சொல்லவும் இல்லை. ஆயினும் அணி, அரங்கம், அவற்றைப் பதிவுசெய்த ஏடு ஆகிய மூன்றும் இவ்வளவு நெருங்கியிருந்த காலத்துச் செய்திகளையும், அந்த நெருக்கம் அறுந்த 2023ஆம் ஆண்டுச் செய்திகளையும் ஒரே எடைக்கல்லால் நிறுத்தலாகாது. முன்னதில் நம்பிக்கையின் தொனி, பின்னதில் அவலச்சுவை. இந்த வேறுபாட்டில் எவ்வளவு நிகழ்வுகளால் வந்தது, எவ்வளவு எழுதும் இடத்தால் வந்தது என்று பிரித்தறிவதே ஆய்வாளர் வேலை.

எல்லாக் குறிப்புகளிலும் மிகக் குறைவாக இடம்பெறுவோர் வீரர்கள். இத்தகைய லீகுகளில் ஊதியம் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில், சில நூறு டாலர் அளவில் இருக்கும். கல்லூரியில் ஆடி, பெரிய லீகின் வாசலில் நின்று, திருப்பியனுப்பப்பட்டவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் ஒரே முன்னுதாரணம்: மளிகைக் கடையில் அலமாரிகளை அடுக்கிக்கொண்டிருந்த கர்ட் வார்னர், 1995 முதல் மூன்று பருவங்கள் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணிக்கு ஆடி, 2000 ஜனவரியில் சூப்பர் பவுலின் சிறந்த வீரரானார். ஒரு வார்னரின் பெயரால் எத்தனை பேர் குறைந்த கூலிக்குத் தோளையும் முழங்காலையும் பணயம் வைத்தனர் என்பதற்குப் பட்டியல் கிடையாது. 2023 ஜூனில் எம்பயர் கலைந்தபோது உரிமையாளர் செய்தியானார், லீக் செய்தியானது. பருவத்தின் நடுவே வேலையிழந்தவர்கள் வேறு அணிகளைத் தேடிப் போனார்கள். அவர்களுடைய வாய்மொழியை இப்போதே பதிவுசெய்யாவிட்டால், இன்னும் இருபதாண்டில் இந்த அணியின் வரலாறு என்பது பிரவுன் வாழ்க்கை வரலாற்றின் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும்.

ஆல்பனி நெடுநாள் காத்திருக்கவில்லை. 2024இல் அரீனா ஃபுட்பால் லீக் என்ற பெயர் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. பதினாறு அணிகளுடன் தொடங்கி, சில வாரங்களிலேயே பல அணிகளை இழந்து, தலைமையும் மாறி, எப்படியோ இறுதியாட்டம் வரை தள்ளாடி வந்த பருவம் அது. அதில் ஆல்பனியும் இருந்தது. உரிமையாளர் குவார்ட்டா, பயிற்சியாளர் டேமன் வேர், 2023இல் எம்பயரைப் பயிற்றுவித்தவர், அரங்கம் அதே அரங்கம். பெயர் மட்டும் எம்பயர் அன்று, ஃபயர்பேர்ட்ஸ். 1990இல் முதல் அணி சூடிய பெயர். இறுதியாட்டத்தில் பில்லிங்ஸ் அணியிடம் 46–41 எனத் தோற்றனர். அந்த லீகும் அத்துடன் முடிய, எஞ்சியோர் 2025இல் அரீனா ஃபுட்பால் ஒன் என்ற புதிய லீகை அமைத்தனர். அதன் முதல் பட்டம் ஆல்பனிக்கு.

கருத்தரங்க வகுப்பில் நான் தந்த அட்டவணையில் ஐந்து அணிகளுக்கு ஐந்து வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டு, முடிந்த ஆண்டு. ஒரு மாணவி அதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அணிகளின் பெயர்களையும் அரங்கத்தின் நான்கு பெயர்களையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கி, ஒரே வரிசையாக ஆக்கியிருந்தார். தொடக்கம் 1990, முடிவு என்ற பத்தியில் ஒரு கோடு மட்டும் இட்டிருந்தார். இரண்டு அட்டவணைகளையும் வைத்திருக்கிறேன்.